பக்கத்து சீட்டில் ஈரம்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் நாற்றத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஆனால் அன்று நடந்ததில் பாதி நாற்றம்தான். அதை விட்டுவிட்டால் நடந்ததைச் சொன்னதாகாது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள்.

என் பெயர் கோகிலவாணி. வீட்டில் வாணி என்பார்கள். தருமபுரியில் நானும் என் கணவர் மாதப்பனும் டயர் கடை வைத்திருக்கிறோம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங், சஸ்பென்ஷன் வேலை எல்லாம் செய்வோம். கல்யாணத்துக்கு முன்பு ஓசூர் பக்கம் ஒரு வாகனக் கம்பெனியில் சில வருடம் சோதனை ஓட்டுநராக இருந்தேன். புது வண்டியை ஓட்டிப் பார்த்து, வேகம், பிரேக், சத்தம், சூடு எல்லாவற்றையும் பற்றிச் சொல்கிற வேலை. அதனால் ஒரு வண்டிக்குள் என்னென்ன வாடை வரும் என்பது எனக்கு அத்துப்படி. கிளட்ச் கருகினால் ஒரு வாடை. பிரேக் காந்தினால் இன்னொன்று. இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் கசிந்தால் லேசான தித்திப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அன்று வந்தது இவற்றில் எதுவும் இல்லை.

கார் என்னுடையது இல்லை. என் பெரியம்மா மகன் மாதவராஜ் அண்ணனுடையது. அண்ணனுக்கு மனை வியாபாரம். சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. போன ஐப்பசிக்கு முன்னால் வாங்கிவிட்டார். இரண்டே சீட்டு. அடர்நீல நிறம். தரையோடு படுத்துக் கிடக்கிற மாதிரி உயரம். தெருவில் வந்து நின்றபோது பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

புது இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது. முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை பக்குவமாகப் பழக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று அவருக்கே தெரியும்.

"வாணி, நீயே ஓட்டிப் பழக்கிக் குடு. நான் ஒக்காந்தா மொத நாளே முறுக்கிருவேன்" என்றார்.

மூன்று வாரம் ஓட்டினேன். விடியற்காலையில் கிளம்பி அரூர் வரை போவேன். சில நாள் பாப்பிரெட்டிப்பட்டி போய் சித்தேரி மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது. புது டயரில் ஒரு வழவழப்பு இருக்கும். அது தேயும்வரை வளைவுகளில் நிதானம் வேண்டும். பிரேக்கும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்கப் பழகும். அந்த மூன்று வாரமும் காருக்குள் புதுத் தோலின் வாசனை மட்டும்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் காரைத் திருப்பிக் கொடுக்க மனமே இல்லை.

பழக்கி முடித்து ஆயிலையும் மாற்றினோம். இனி காரின் முழுத் திறமையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது, நூறிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது, இவ்வளவுதான். பொது ரோட்டில் இதை நான் செய்ய மாட்டேன். அண்ணன் ஓர் இடம் சொன்னார்.

"நம்ம லேஅவுட்லயே பண்ணலாம். நேர் ரோடு. ஒரு வண்டி வாராது."

ஏரியூர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த லேஅவுட். மனை பிரித்துக் கல் நட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு வீடு கூட எழும்பவில்லை. கல்லைச் சுற்றிலும் முள் முளைத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் நேராக ஒரு தார் ரோடு, முக்கால் கிலோமீட்டர் இருக்கும். மேடு பள்ளம் இல்லை. நல்ல ரோடுதான்.

மாலை ஐந்து மணிக்குப் போனோம். போன நேரம் ஒரு தூறல் போட்டது. ஈர ரோட்டில் சோதனை செய்தால் கணக்குத் தப்பாக வரும். காயும்வரை காத்திருந்தோம். ஆறேகாலுக்கு ரோடு வெளுத்தது. அண்ணன் தன் பெரிய காரில் ரோட்டின் அந்தக் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். நான் இந்தக் கடைசியில். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் காருக்குள் ஒன்றும் வைக்கவில்லை. என் பை, தண்ணீர் பாட்டில், கால்மிதி வரை எல்லாவற்றையும் இறக்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டேன். முன் கண்ணாடியில் விநாடி பார்க்கிற ஜிபிஎஸ் பெட்டி ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது.

முதல் ஓட்டம். ஐந்து புள்ளி இரண்டு விநாடி.

முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. போனில் அண்ணனும் சிரித்தார்.

திரும்பி மெதுவாக வந்துகொண்டிருந்தேன். ரோட்டின் நடுப்பகுதியைத் தாண்டும்போது ஒரு சத்தம்.

டிங்… டிங்… டிங்…

சீட் பெல்ட் மணி. என் பெல்ட் போட்டிருந்தது. திரையைப் பார்த்தேன். இடதுபக்க சீட்டின் படத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது எரியும்.

பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

புது வண்டி, சென்சார் ஏதோ குளறுபடி என்று நினைத்தேன். கையால் சீட்டை ஒரு தட்டுத் தட்டினேன். மணி நிற்கவில்லை. நிற்காவிட்டால் போகட்டும் என்று அடுத்த ஓட்டத்துக்குத் தயாரானேன்.

இரண்டாவது ஓட்டம். ஐந்து புள்ளி ஆறு.

அது சரியில்லை. டயர் சூடேறிய பிறகு நேரம் குறைய வேண்டும். கூடக் கூடாது. அண்ணன் நின்ற கடைசியில் திரும்பி மூன்றாவது முறை ஓடினேன். ஆறு புள்ளி நான்கு. வண்டி எதையோ சுமந்துகொண்டு ஓடுகிற மாதிரி திணறியது.

அப்போதுதான் அந்த நாற்றம் வர ஆரம்பித்தது.

முதலில் லேசாக. கோழிக்கடையில் இறகு பிடுங்கிப் போடுகிற டிரம் இருக்கும் இல்லையா… அதை நாலு நாள் கழுவாமல் வெயிலில் வைத்த மாதிரி. அதோடு ஈர முடியின் கவிச்சி. மூச்சை இழுத்தால் தொண்டையில் எண்ணெய் மாதிரி ஒட்டியது.

காரை நிறுத்தி இறங்கினேன். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். கடையில் தினமும் செய்கிற வேலை இது. வலதுபக்கம் மூன்று விரல் போனது. இடதுபக்கம் ஒரு விரல் கூடப் போகவில்லை.

கார் இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது. ரோடு சமமாகத்தான் இருந்தது.

போன் அடித்தது. அண்ணன்.

"வாணி, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியே."

"வெளையாடாத. நீ இங்க திரும்பறப்ப என் கார் லைட் வெளிச்சத்துல பாத்தேன். தலைய தொங்கப் போட்டுக்கிட்டு யாரோ ஒக்காந்திருக்கறாங்க."

"யாரும் இல்லண்ணா."

அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு இன்னும் பயம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. ஏசி தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டால் இடதுபக்கம் தண்ணீர் இறங்கி ஊறும். காற்றுக் குழாய்க்குள் எலி செத்துக் கிடந்தால் இப்படி நாறும். எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். இடதுபக்கக் கதவைத் திறந்தேன். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

உள்ளே இறங்கியது கை.

மெத்தை ஊறிப் போயிருந்தது. விரல் இடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் பிதுங்கி வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. சளி மாதிரி இழுபட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஏதோ சின்னச் சின்னதாக நெளிந்தது. கையை உதறினேன். போகவில்லை. குனிந்து ரோட்டோரப் புழுதியில் தேய்த்தேன். புழுதிதான் ஒட்டிக்கொண்டது. நாற்றம் விரலிலேயே நின்றது. இதை எழுதும்போது கூட அந்தக் கையை மூக்கின் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

நிமிர்ந்தபோது இடதுபக்க ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். கொழகொழவென்று ஒரு கைத்தடம். ஐந்து விரலும் விரிந்து…

தடம் கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது.

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். "வண்டில ஏதோ கெட்டுக் கெடக்குது. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

"பிரேக் ஒன்னு மட்டும் பாத்துரு. வந்ததுக்கு அதாவது ஆவட்டும்."

"உள்ள ஒக்கார முடியலண்ணா. நாத்தம் கொடலப் பொரட்டுது."

"ஜன்னல எறக்கி விட்டுக்க. எப்படியும் இந்தப் பக்கந்தான வரணும். ஓட்டிட்டே வா."

அது உண்மைதான். வெளியே போகிற கேட் அவர் நின்ற பக்கம் இருந்தது. காரை விட்டுவிட்டு நடந்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. இரண்டு ஜன்னலையும் இறக்கினேன்.

கிளம்பினேன். நாற்பது. அறுபது. எண்பது. இன்ஜின் கத்துகிறது, கார் நகர மறுக்கிறது. தொண்ணூறு…

இடதுபக்க ஜன்னல் தானாக மேலே ஏறியது.

பிறகு என் பக்கம்.

ரோட்டின் நடுப்பகுதி வந்தது. நான் பிரேக்கைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. சேற்றில் இறங்கிய மாதிரி கார் அப்படியே அமுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. முன்விளக்கும் அணைந்தது. திரை மட்டும் எரிந்தது. மணி 6:52.

திரையில் ஓர் எழுத்து வரிசை வந்தது. புதிதாக ஒரு போன் காரோடு இணைந்தால் பெயர் வருமே, அப்படி.

மாரப்பன் ஆட்டோ.

என் போன் இல்லை அது. அண்ணன் போனும் இல்லை. அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஸ்பீக்கரில் சத்தம் வந்தது.

குபுக்… குபுக்…

கஞ்சி கொதிக்கிற மாதிரி. பிறகு யாரோ காறுகிற சத்தம். தொண்டையில் அடைத்ததை வெளியே தள்ள முடியாமல்… மறுபடி… மறுபடி…

கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

ஏசி துவாரத்திலிருந்து காற்று வந்தது. சூடாக. ஈரமாக. யாரோ வாயை என் முகத்துக்கு நேராகத் திறந்து ஊதுகிற மாதிரி. துப்பட்டாவையும் தாண்டி என் உதட்டில் வழுக்கலாக ஏதோ பட்டது.

என் இடது தோளில் ஒரு கனம் இறங்கியது.

மெதுவாக…

ஒரு தலையின் கனம்.

முடி ஈரமாக என் கழுத்தில் ஒட்டியது. ஒழுகியது. சட்டைக்குள் இறங்கியது. நான் திரும்பவில்லை.

திரும்பவே இல்லை.

ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"மூடாதீங்க…"

காறல்.

"மூடாதீங்கய்யா… எங்காத்தா உசுரோட இருக்குது…"

வாந்தி எடுத்தேன். மடியில், ஸ்டியரிங்கில், எல்லா இடத்திலும். வயிறு காலியான பிறகும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் தவிர வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கதவு திறந்தது. நான் திறக்கவில்லை. வெளியே விழுந்தேன்.

கையை ஊன்றினேன். தார் ரோடு மெத்தென்று இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. என் கைக்கு அடியில் ஒருமுறை எழும்பி அடங்கியது.

தவழ்ந்து ஓரத்துக்குப் போனேன்.

அண்ணன் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஆனால் கிட்டே வரவில்லை. தள்ளியே நின்றுகொண்டார். தரையில் கிடந்த என்னை அவர் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். 

"ரோடு அமுங்குதண்ணா" என்றேன்.

"அங்க கெணறெல்லாம் ஒன்னும் இல்ல. எந்திரிச்சு வா."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"கெணறுன்னு நான் சொல்லவே இல்லியே."

அவர் திரும்பிப் போய்த் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடப் பிறக்காவிட்டாலும் ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். வாந்தியோடு இருட்டில் விட்டுவிட்டுப் போனார்.

மாதப்பனுக்குப் போன் செய்தேன். மெயின் ரோடு வரை நடந்து வந்து மைல்கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். என் உடையை அங்கேயே முள்ளில் போட்டுக் கொளுத்தினோம். அன்று இரவு நான்கு முறை குளித்தேன். ஷாம்பு, சீயக்காய், கடைசியில் கடையில் கிரீஸ் கழுவுகிற பசையைக் கூடத் தலையில் போட்டுத் தேய்த்தேன். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது.

மறுநாள் பகலில் மாதப்பன் ஆள் கூட்டிக்கொண்டு போய் காரை இழுத்து வந்தார். நானும் பார்த்தேன். என் பக்கம் மட்டும் வாந்தி காய்ந்து கிடந்தது. இடதுபக்க சீட்டு ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. கண்ணாடியில் தடம் இல்லை. புதுத் தோலின் வாசனை அடித்தது.

"நீ பயந்துட்ட வாணி. எலி கிலி எதாச்சும் செத்திருக்கும்" என்றார் மாதப்பன்.

நான் திரையைப் போட்டு, காரோடு இணைந்த போன்களின் பெயர்களைத் திறந்து காட்டினேன். மூன்று பெயர் இருந்தது. என்னுடையது. அண்ணனுடையது. அப்புறம் மாரப்பன் ஆட்டோ.

அதற்குமேல் அவர் எலியைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமே ஏரியூர் ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டோம். மாரப்பன் என்ற பெயரைச் சொன்னவுடன் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். மாரப்பனும் அவர் அம்மா குள்ளம்மாளும் மூன்று வருடத்துக்கு முன்னால் ஆட்டோவோடு காணாமல் போனவர்கள் என்றார். மாரப்பனின் மனைவி பூவிழி கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்வதாகச் சொன்னார்.

பூவிழிக்கு முப்பது வயது இருக்கும். கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று, நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"வருவீங்கன்னு தெரியுங்க" என்றாள்.

எப்படித் தெரியும் என்று நான் அப்போது கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எதையும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

புரட்டாசி மழை. குள்ளம்மாளுக்கு ராத்திரி நெஞ்சு வலி. மாரப்பன் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். மெயின் ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் குறுக்கே அந்த லேஅவுட் வழியாகப் போயிருக்கிறார். அங்கே பழைய பாசனக் கிணறு ஒன்று. கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீரும் அதிகம் கிடையாது. மனை விற்பதற்காக அதைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். மண் வாங்கிப் போட்டால் செலவு என்று, சுற்றுவட்டாரத்துக் கோழிக் கழிவை எல்லாம் லாரி லாரியாக அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நேராக அதற்குள் போயிருக்கிறது.

"போன் பண்ணாருங்க. கெணத்துல கெடக்கறோம், ஆத்தாளுக்கு இடுப்பு போயிருச்சு, கயித்த எடுத்துக்கிட்டு ஆளக் கூட்டியான்னாரு. நான் பக்கத்து வூட்டுக்காரரோட வண்டில கிளம்பிட்டேன். பாதி வழியில மறுக்கா போன் வந்துச்சு."

அவள் ஒரு துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"மேல லாரி வந்து நிக்குது, ஆளு வந்துட்டாங்கன்னு சந்தோஷமா சொன்னாருங்க. டார்ச் அடிச்சு எட்டிப் பாக்கறாங்கன்னாரு. அப்புறம் கத்துனாரு. மூடாதீங்கன்னு கத்துனாரு. அதுக்கு மேல கொட்டற சத்தந்தாங்க."

மரம் விழுந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ஜேசிபி மேலே மண்ணைப் பரப்பிச் சமன் செய்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இங்கே கிணறே இல்லையம்மா என்று சொல்லியிருக்கிறார். புகார் கொடுத்தாள். விசாரிக்க வந்தவர்களிடமும் அவர் அதையேதான் சொன்னார். பத்து நாளில் அதன் மேல் தார் போட்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள்.

"உங்க அண்ணன்தாங்க."

நாங்கள் மூன்று பேரும் போலீஸில் போய்ப் புது மனு கொடுத்தோம். பேய் பேசியது என்று சொன்னால் யார் எழுதிக்கொள்வார்கள்? நான் அதைச் சொல்லவில்லை. ரோட்டில் ஓரிடம் அமுங்குகிறது என்றேன். கிணறு என்று நான் சொல்லாமலே அண்ணன் கிணறு என்று சொன்னதைச் சொன்னேன். பூவிழி தன் பங்கைச் சொன்னாள். அதற்குள் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். சொந்தத்தில் யாரும் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. கடையில் வியாபாரமும் பாதியாகிவிட்டது. பரவாயில்லை.

கார்த்திகையில் தோண்ட உத்தரவு வந்தது. நாங்களும் போயிருந்தோம். தாரைப் பெயர்த்து ஓர் ஆள் உயரத்துக்கு மண்ணை அள்ளியதும் நாற்றம் வந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலை மூடினார்கள். ஜேசிபி ஓட்டியவர் இரண்டு முறை இறங்கிப் போய் வாந்தி எடுத்தார். எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அந்த நாற்றம் எனக்கு முன்பே தெரியும்.

சாயங்காலம் ஆட்டோவைத் தூக்கினார்கள். கூழும் இறகுமாக ஒழுகிக்கொண்டே மேலே வந்தது. அதில் இரண்டு பேரும் இருந்தார்கள். பின் சீட்டில் அம்மா. மகன் ஆட்டோவின் கூரை மேல் ஏறி, கைகளை மேலே நீட்டியபடி இருந்திருக்கிறார். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அண்ணனைக் கைது செய்தார்கள். இப்போது வழக்கு நடக்கிறது. விசாரணையில் அவர் சொன்னதை மாதப்பன் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தது உண்மைதானாம். உள்ளே ஏதோ கத்தியதாம்.

நாய் என்று நினைத்தாராம்.

அன்று நாறிய எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் குமட்டியது இந்த வார்த்தைதான். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த நினைப்பு வந்தால் இன்றும் எழுந்து போய் வாயைக் கொப்பளிக்கிறேன்.

உடல்களை வாங்க தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பூவிழியோடு நான் இருந்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அதைக் கேட்டேன்.

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மடியிலிருந்த தன் போனைப் பார்த்தாள்.

"அவரு நம்பர்ல இருந்து போன் வந்துச்சுங்க. ஏழு மணி இருக்கும், கடைல வெளக்கேத்திட்டு நின்னுட்டிருந்தேன். அந்த நம்பரு யாருகிட்டயும் இல்ல, கட்டாயிருச்சுன்னு போன் கம்பெனிலயே சொல்லிட்டாங்க. ஆனா பேரு வந்துச்சு. எடுத்தேன்."

அது எந்தக் கிழமை என்று கேட்டேன். சொன்னாள். நாங்கள் லேஅவுட்டுக்குப் போன அதே சனிக்கிழமை.

"பேசுனாரா?"

"இல்லீங்க. மொதல்ல ஒரு காரு கத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுருச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் ஒரு பொம்பள வாந்தி எடுக்கற சத்தம். ரொம்ப நேரம்… நிக்கவே இல்லீங்க."